ஊர் சொன்னால் செல்லும்: கிரேக்க நகரங்களின் வெண்கலக் காசு

அனைவருக்கும் வணக்கம். கிரேக்கக் காசு என்றதும் ஏதென்ஸின் ஆந்தை போட்ட வெள்ளி நாணயத்தைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். நான் சில்லறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஏதென்ஸின் வெள்ளி நாணயம் திராக்மா. ஒரு திராக்மாவுக்கு ஆறு ஒபோல். ஒபோல் என்பது முக்கால் கிராம்கூடத் தேறாத வெள்ளித் துணுக்கு. கால் ஒபோலும் அடித்தார்கள்; அது 0.18 கிராம். கை தவறினால் போச்சு. அதனால் ஏதென்ஸ்காரர்கள் சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் கி.மு. 422இல் அரங்கேற்றிய 'குளவிகள்' நாடகத்தில் ஒரு கிழவர் இதைச் சொல்லிப் புலம்புவார். ஜூரியாக உட்கார்ந்ததற்கு ஆளுக்கு மூன்று ஒபோல் படி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே திராக்மாவாகக் கொடுத்துவிட்டார்கள். கூட்டாளி அதை மீன் கடையில் மாற்றிவந்து, மூன்று மடவைமீன் செதில்களைக் கிழவர் கையில் வைக்கிறான். அவரும் காசென்று வாயில் போட்டு, நாற்றம் தாங்காமல் துப்புகிறார்.

வெண்கலம் மலிவு, அதில் அடித்தால் சில்லறைக் காசும் கைக்கு அடங்கும் அளவில் இருக்கும்; இந்தத் தொல்லை இல்லை. சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகரம் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே பல் வடிவ வெண்கலக் கட்டிகளை வார்த்து, மதிப்புக்குப் புள்ளி வைத்தது. பின்னாளில் ஏதென்ஸும் வழிக்கு வந்தது: எட்டு வெண்கலக் காசு ஒரு ஒபோல்.

சரி, வெள்ளிக் காசை உருக்கினாலும் வெள்ளி இருக்கும். வெண்கலத்தை உருக்கினால்? அதன் விலை ஊர் சொல்லும் விலைதான். ஊர் பேச்சை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே அரிஸ்டோபனிஸ்தான் சாட்சி. அவருடைய இன்னொரு நாடகத்தில் ஒருவன் திராட்சை விற்று, வாய் நிறையச் செம்புக் காசோடு மாவு வாங்கப் போகிறான். பையை நீட்டும் நேரம் பார்த்து, இனி செம்பு செல்லாது, வெள்ளி மட்டுமே என்று தண்டோரா போடுகிறார்கள்!

ஏதென்ஸின் தளபதி திமோதியஸ் கெட்டிக்காரர். கி.மு. 360களில் ஒலிந்தஸ் நகரோடு போரிட்டபோது வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. வெண்கலக் காசு அடித்துச் சம்பளம் கொடுத்தார், வீரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் வியாபாரிகளைக் கூப்பிட்டார். இந்தக் காசைக் கொடுத்தே நாட்டுப்புற விளைச்சலையும் கொள்ளைப் பொருளையும் வாங்கிக்கொள்ளுங்கள், மிஞ்சுவதை என்னிடம் கொண்டுவந்தால் வெள்ளி தருகிறேன் என்றார். காசு புழங்கியது. என்னைக் கேட்டால், வெண்கல நாணயத்தின் சூட்சுமம் முழுக்க அந்த ஒரு வாக்குறுதியில் இருக்கிறது.

லாபமும் உண்டு. செஸ்டோஸ் நகரத்துக் கல்வெட்டு, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அதை ஒளிக்கவே இல்லை: நம் ஊர்ச் சின்னம் புழங்க வேண்டும், அடிப்பதில் வரும் லாபம் மக்களுக்குச் சேர வேண்டும்.

கிரீட் தீவின் கோர்டின் நகரம் வாக்குறுதியோடு நிற்கவில்லை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சட்டமே போட்டது. வெண்கலக் காசை எல்லோரும் வாங்க வேண்டும், வெள்ளி ஒபோலைத் தொடக் கூடாது. மீறினால் ஐந்து ஸ்டேட்டர், அதாவது ஐந்து பெரிய நாணயம், அபராதம். அந்த அபராதத்தை மட்டும் வெள்ளியில் கட்ட வேண்டும்.