வாணவேடிக்கை முடிந்ததும் எழுந்து ஓட வேண்டாம்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பக்கத்திலேயே பல குடும்பங்கள் ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்கு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டன. அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர்கள் ஓர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி பூங்கா வரைக்கும் போகிறார்கள். தோட்டத்திலிருந்து ஈப்போ நகரத்துக்குப் போவதையே பெரிய பயணமாகப் பேசிய காலத்தில் வளர்ந்தவன் நான். இதைக் கேட்கும்போது மனம் நிறைகிறது.

போகிறவர்கள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். எந்த விளையாட்டில் முதலில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது, மழை பெய்தால் என்ன செய்வது, எல்லாம். இரவு வாணவேடிக்கை முடிந்த பிறகு பிள்ளைகளோடு எப்படி வெளியே வருவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த ஒன்றைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே கோயில் திருவிழாக்களில் கூட்டத்தைக் கவனிக்கும் தொண்டர் படையில் இருக்கிறேன். விடுமுறைக் காலத்தில் ஊர்க் குடும்பங்களைக் குழுவாக இப்படிப்பட்ட பூங்காக்களுக்கு அழைத்துப் போவதும் உண்டு. ஆகவே கூட்டம் கலையும் நேரத்தைப் பல இடங்களில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

காலையில் பூங்காவுக்குள் மக்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒன்பது மணிக்குச் சிலர், பத்து மணிக்குச் சிலர், மதியம் சாப்பிட்டுவிட்டுச் சிலர். உள்ளே வர நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொண்ட அதே மக்கள், கடைசி வாணம் வெடித்த அடுத்த நிமிடம் எல்லாரும் சேர்ந்து ஒரே வாசலைப் பார்த்துத் திரும்புகிறார்கள். சிக்கல் முழுவதும் இங்கேதான். இப்படிப்பட்ட இடங்களில் கூட்டம் கூடும்போதைவிடக் கலையும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். கால் வலி, தூக்கம், பசி, தோளில் தூங்கும் பிள்ளை, கடைசி ரயில் போய்விடுமோ என்ற பயம், எல்லாம் சேர்ந்துகொள்ளும் நேரம் அது.

சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன், மனத்திலேயே போட்டுப் பாருங்கள். சமதளமான பாதை ஒரு மீட்டர் அகலம் இருந்தால், அதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 பேர் நடந்து போகலாம் என்பது விளையாட்டரங்கம் கட்டுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. படிக்கட்டு என்றால் இன்னும் குறைவு, 66 பேர்தான். சரி, பத்து மீட்டர் அகலமான வாசல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 பேர். உள்ளே 20,000 பேர் இருந்தால்? இருபத்தைந்து நிமிடம். நீங்கள் முட்டினாலும் மோதினாலும் இருபத்தைந்து நிமிடம்தான். முட்டி மோதினால் இன்னும் கூடும், ஏனென்றால் நெரிசலில் நடை குறைந்துவிடும்.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: வாணவேடிக்கை முடிந்ததும் எழுந்து ஓட வேண்டாம். உட்காருங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த அரை மணி நேரத்தை வரிசையில் நின்று, தூங்குகிற பிள்ளையைச் சுமந்துகொண்டு கழிக்கலாம். இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ரொட்டி சாப்பிட்டுக் கழிக்கலாம். தங்கும் விடுதிக்குப் போய்ச் சேரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தோட்டத்து மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சுற்றியிருக்கும் தோட்டத்து மக்களெல்லாம் லாரியில் வருவார்கள். ரதம் திரும்பி வந்ததும் திடலில் வாணவேடிக்கை. திடலுக்கு ஒரே ஓர் இரும்புக் கேட். அதைத் தாண்டினால் செம்மண் சாலை, இரண்டு பக்கமும் ஆழமான வடிகால், அங்கேயே வரிசையாக லாரிகள். வாணம் முடிந்ததும் அத்தனை பேரும் கேட்டுக்குப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருட்டு வேறு. வடிகாலில் யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

மண்டோர் என்ன செய்வார் தெரியுமா? கேட்டுக்குப் பக்கத்தில் சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கையில் டார்ச் லைட்டோடு ஏறி நிற்பார். கடைசி வாணம் மேலே போகும்போதே அவருடைய டார்ச் இரண்டு தடவை மின்னும். உடனே திடலின் மறுகோடியில், கேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், உருமி மேளம் தொடங்கிவிடும். அதே கோடியில்தான் சுண்டலும் பானகமும். சாயங்காலம் முதலே தயாராக இருக்கும் சுண்டலை அதுவரை யாருக்கும் கொடுக்க விடமாட்டார். சமையல்காரப் பெண்கள் சத்தம் போடுவார்கள், "அண்ணே, ஆறிப்போகுது." "ஆறட்டும்மா" என்பார், அவ்வளவுதான். பாதிக் கூட்டம் சுண்டலுக்கும் மேளத்துக்கும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். மீதிப் பாதி கேட்டுக்கு வரும். அங்கே ஒலிபெருக்கியில் தோட்டத்தின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். தூரத்துத் தோட்டம் முதலில், பக்கத்துத் தோட்டம் கடைசியில். கூப்பிட்ட தோட்டத்து மக்கள் ஏறி, அந்த லாரி நகர்ந்த பிறகுதான் அடுத்த பெயர்.

நான் இளவட்டமாக இருந்தபோது அவரிடம் கேட்டேன், "கேட்டை நல்லா அகலமாத் திறந்து விட்டா சீக்கிரம் போயிடுவாங்களே?" அவர் சொன்னார்: "தம்பி, கேட்டை அகலப்படுத்தலாம், ரோட்டை அகலப்படுத்த முடியுமா? இங்க நெருக்காம அங்க போய் நெருக்குவாங்க. போறதுக்கு அவசரம் இல்லாம பண்ணணும். அதுதான் வேலை."

பல வருடம் கழித்து டிஸ்னி பூங்காவுக்குக் குழுவை அழைத்துப் போனபோது அந்தப் பேச்சு அப்படியே காதில் கேட்டது. அங்கே வாசலுக்கு அருகில் இருக்கும் கடைத்தெருவை மெயின் ஸ்ட்ரீட் என்கிறார்கள். விளையாட்டுகள் எல்லாம் நின்ற பிறகும் அந்தக் கடைகளில் விளக்கு எரியும், பாட்டு ஓடும். வியாபாரம் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்குள் நுழைந்த ஒவ்வொரு குடும்பமும் அந்த நேரத்துக்கு வாசல் நெரிசலில் இல்லாத குடும்பம். ஓர்லாண்டோவில் இருக்கும் மேஜிக் கிங்டம் என்ற டிஸ்னி பூங்காவில், பூங்கா மூடி ஏறக்குறைய அரை மணி கழித்து, நடுவில் இருக்கும் கோட்டையின் விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிட்டு, இசையோடு சின்னதாக வழியனுப்பு ஒன்று நடத்துகிறார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மண்டோருடைய உருமி மேளம்தான் அது!

ஆகவே அவர்கள் உட்காரச் சொல்லும்போது உட்காருங்கள். பிள்ளைகளுக்குப் பொருள் வாங்க வேண்டுமானால் பகலில் வாங்கிச் சுமக்காதீர்கள், அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரு தடவை கழிவறைக்குப் போய்வரவும் அதுவே நல்ல நேரம்.

காத்திருக்கவே முடியாது, கைக்குழந்தை இருக்கிறது, அதிகாலை விமானம் இருக்கிறது என்றால் வேறு வழியும் உண்டு. கோட்டைக்கு எதிரே இடம் பிடிக்காமல், வாசல் பக்கத்துக் கோடியில் நின்று பாருங்கள். கோட்டைச் சுவரில் காட்டும் படங்கள் அங்கிருந்து சரியாகத் தெரியாது, ஆனால் வாணம் வானத்தில்தானே வெடிக்கிறது. முடிவதற்குச் சில நிமிடம் முன்பே நடக்கத் தொடங்கிவிடுங்கள். முந்திப் போங்கள், இல்லை பிந்திப் போங்கள். நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாசலைத் தாண்டியதும் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். மண்டோர் சொன்ன ரோடு அதற்கப்புறம்தான் வருகிறது. ஹாங்காங்கில் பூங்காவிலிருந்து சன்னி பே நிலையத்துக்கு ஒரு சின்ன ரயில் பாதை. ஓடுவது நாலு பெட்டி ரயில். அங்கே இறங்கி நகரத்துக்கு வேறு ரயில் மாற வேண்டும். மேஜிக் கிங்டமிலோ வண்டி நிறுத்துமிடம் ஏரிக்கு அக்கரையில். படகிலோ மோனோரயிலிலோதான் போக வேண்டும், படகு ஒரு நடைக்கு ஏறக்குறைய 600 பேரை ஏற்றும். இருபதாயிரம் பேரை 600 பேராகப் பிரித்துப் பாருங்கள். இங்கே கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசியில் புத்தாண்டு வாணவேடிக்கை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எல்லாரும் கேஎல்சிசி நிலையத்துப் படியிலேயே நிற்பார்கள். அடுத்த நிலையமான அம்பாங் பார்க் நடந்து போகும் தூரம்தான். நடக்க முடிந்தவர்கள் நடந்துவிடலாம்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது.

2001-ஆம் ஆண்டு ஜூலை 21, ஜப்பானில் அகாஷி என்ற ஊர். கடற்கரையில் வாணவேடிக்கை. கடற்கரைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே நடப்பவர்களுக்கான மேம்பாலம் ஒன்று. முடிந்ததும் ரயிலுக்கு விரைந்தவர்கள் ஒரு பக்கத்திலிருந்து ஏற, கடற்கரைக்கு வருகிறவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வர, பாலத்தில் நெரிசல். 11 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒன்பது பேர் குழந்தைகள். சண்டையில்லை, தீயில்லை. வாணவேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வந்தவர்கள். 2022 அக்டோபர் 29, சோல் நகரத்து இத்தேவான் சந்தில் 159 பேர் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இவற்றில் மிதிபட்டு இறந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நெருக்கத்தில் மூச்சுத் திணறித்தான் போகிறார்கள், சிலர் நின்றபடியே. நாலாப் பக்கமும் அழுத்தும்போது நெஞ்சு விரிய இடமில்லை, மூச்சை இழுக்க முடியாது. பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எந்த அளவு ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் நாலு பேர் சாப்பிடும் சின்னச் சதுர மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மேசை அடைக்கும் இடத்தில் நாலு பேர் நின்றால் நெருக்கம், ஆனாலும் நகரலாம். ஆறு பேர், ஏழு பேர் என்றால் உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது, கூட்டம் போகிற பக்கம் உடம்பும் போகும். இரண்டு தோளிலும் அறிமுகமில்லாதவர் இடிக்கத் தொடங்கினாலே ஒதுங்கிவிடுங்கள், அப்போது இன்னும் ஒதுங்க முடியும். கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க முடியாத நிலைக்குப் போக விடாதீர்கள். மீறி மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தரையில் விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டத்தோடு போய்க்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம். சிலிப்பர் கழன்றால் விட்டுவிடுங்கள், குனியவே குனியாதீர்கள். சிலிப்பர் போனால் பத்து வெள்ளிதான் நட்டம்.

தைப்பூசத்துக்கு பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அந்த 272 படிகளில் ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் தனித்தனி வழி விடுவது ஏதோ அழகுக்காக இல்லை. தொண்டூழியர் கையைக் காட்டி "இந்தப் பக்கம் வாங்க அக்கா" என்றால் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போங்கள். எதிரெதிராக இரண்டு கூட்டம் சந்தித்த இடம்தான் அகாஷி பாலம்.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார், நேரம் குறைவாகத்தான் இருக்கிறதாம். பிள்ளைகள் காணாமல் போவதைப் பற்றித் தனியாகவே பேச நினைத்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் கிளம்பும்போதே பிள்ளையை நிற்க வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். என்ன சட்டை, என்ன சிலிப்பர் என்று பதற்றத்தில் உங்களுக்கே நினைவு வராது. உங்கள் கைப்பேசி எண்ணை, வெளிநாடு என்றால் நாட்டு எண்ணோடு, பிள்ளையின் முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதிவிடுங்கள். பஸ்ஸில் வந்திருந்தால் பஸ்ஸின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டில் எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரி இருக்கும். குழுவாகப் போனால் சந்திக்கும் நேரத்தை வாணம் முடிந்து முக்கால் மணி கழித்து வையுங்கள், டிரைவர் அண்ணனிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். நேரத்தை இறுக்கி வைத்தால் குழுவில் இருக்கும் எல்லாரும் ஓடுவார்கள்.

வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் பற்றி நிறைய குறித்து வைத்திருந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும். நாற்காலியில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும், அவரைப் பின்னால் வருபவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் நாற்காலியைத் தள்ளுபவர் ஒருவர், முன்னால் நடப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். மின்தூக்கி எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வாய்ப்புக் கொடுத்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.