கொம்பில்லா மறியும் உருவாகாத சூலகமும்

(திருகோணமலையில் ஆடு வளர்ப்போரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு என் பணிவான வணக்கம். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் ஆடு வளர்க்கும் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பருவம் வந்தும் சினைப்படாத மறியை, அதாவது பெண் ஆட்டை, கண்டால் தீனியையும் கிடாயையும் குறை சொல்வது நம் வழக்கம். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். ஆனால் சில மறிகளில், தாயின் வயிற்றுக்குள்ளேயே, முட்டையை உருவாக்கும் உறுப்பான சூலகம் உருவாகாமற் போயிருக்கும். அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

ஆட்டின் உடற்கலத்தில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 60 உண்டு. ஈரலின் கலத்திலும் சூலகத்தின் கலத்திலும் அவற்றிலுள்ள மரபணுக்கள் ஒன்றேயாயினும், எந்த மரபணு எந்த வேளையில் வெளிப்படுகிறது என்பதே ஒன்றை ஈரலாகவும் மற்றதைச் சூலகமாகவும் ஆக்குகிறது. சினைக்காலமான ஏறத்தாழ 150 நாட்களில் இரண்டாம் மாதத்திலேயே, பெண் கருவின் இனப்பெருக்கச் சுரப்பியில் பொக்ஸ்எல்-2 என்னும் மரபணு வெளிப்படுகிறது. அது அரோமற்றேஸ் என்ற நொதியத்தின் உற்பத்தியைத் தூண்டி ஈஸ்திரஜன் என்னும் பெண் ஓமோனைச் சுரக்கச் செய்வதோடு, விதையை (ஆணின் இனப்பெருக்கச் சுரப்பியை) உருவாக்கும் சொக்ஸ்-9 மரபணு தலையெடுக்காமலும் அடக்கி வைக்கிறது.

இதை நமக்குக் காட்டிக் கொடுத்தது கொம்பில்லா ஆடுதான். அவ்வாட்டில் பொக்ஸ்எல்-2 இன் அருகே நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை 2001 இல் பிரான்சிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மரபணு அப்படியே இருந்தும், அதை வெளிப்படச் செய்யும் ஒழுங்கு குலைந்துவிடுகிறது. இக்குறைபாடு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து ஒரு பிரதியாக இருந்தால் கொம்பு முளைக்காது. மறி வழமைபோல் குட்டி ஈனும். இருவரிடமிருந்தும் வந்து இரு பிரதிகளாக இருந்தாலோ, பெண் நிறமூர்த்தங்களைக் கொண்ட கருவிலும் சூலகத்துக்குப் பதிலாக விதையே வளரும். 2014 இல் பொக்ஸ்எல்-2 ஐ மட்டும் செயலிழக்கச் செய்தபோதும் ஆட்டில் அவ்வாறே நிகழ்ந்தது. எலிக்கருவில் இம்மரபணுவை நீக்கினால் இத்தகைய மாற்றம் நிகழ்வதில்லை. ஆகவே சூலகத்தைப் பற்றிய இப்பாடத்தை ஆட்டிடம்தான் கற்க முடிந்தது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

சூலகம் உருவான பின்னும் மரபணுக்களின் வேலை ஓய்வதில்லை. முட்டை தானே சுரக்கும் புரதங்கள் தன்னைச் சூழ்ந்த கலங்களின் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன.

ஜம்னாபாரி இன ஆட்டுக்குக் கொம்பு உண்டு. ஆகையால் அதன் தூய வழியில் இவ்வச்சம் இல்லை. கொம்பில்லா ஆடுகளும் காணப்படும் சானன் இனத்தின் கலப்பு வைத்திருப்போரே கவனிக்க வேண்டும். பிறந்த குட்டியின் உச்சந்தலையைத் தடவிப் பாருங்கள்: கொம்பு முளைக்கும் குட்டிக்கு மயிர்ச்சுழி இரண்டு இருக்கும், கொம்பில்லாததற்கு ஒன்றே இருக்கும். கொம்பில்லா மறியைக் கொம்புள்ள கிடாயோடு மட்டுமே சேருங்கள்.