நிழலில் பூக்கும் போர்வை

[காட்சி: கட்டிலில் விரித்த வெள்ளைப் போர்வை. மேலே விளக்கு எரிகிறது.]

குரல்: இந்தப் போர்வையில் என்ன தெரிகிறது? வெறும் வெள்ளைத் துணி. இப்போது மேல்விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை மட்டும் விலக்குகிறேன்.

[காட்சி: பக்கவாட்டு வெளிச்சம் துணிமேல் சரிந்து விழுகிறது.]

நடுவில் ரோஜா. அதைச் சுற்றி இறகுகள். ஓரம் முழுக்கக் கயிறு முறுக்கினாற்போல் பின்னல். இதில் வேறு நிறமும் இல்லை, ஒட்டுத்துணியும் இல்லை. தையல் அழுத்திய இடம் பள்ளம், விட்ட இடம் மேடு. மேட்டின் நிழல்தான் பூ.

இதன் பெயர் ஹோல்கிளாத் குவில்ட், அதாவது மேல்பக்கம் முழுக்க ஒரே துணியால் ஆன தையல் போர்வை. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சோ கம்பளியோ வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டுவார்கள். மேல்துணியில் மூட்டு இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். கட்டில் அகலத்துக்குத் துணி கிடைக்காததால், ஒரே துணியின் இரண்டு மூன்று பட்டைகளை இணைத்திருப்பார்கள். அதுவும் ஹோல்கிளாத்தான்.

இந்தக் கலை மிகப் பழையது. 14-ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைத்த லினன் விரிப்பு ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் இன்று பார்ப்பது வட இங்கிலாந்தின் டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிப் போர்வை.

[காட்சி: போர்வையைத் திருப்பிப் போடும் கைகள்.]

முதலில் பின்பக்கம் பாருங்கள். கைத்தையல் என்றால் ஒரு தையல், ஓர் இடைவெளி என்று புள்ளி வைத்தாற்போல் இரு பக்கமும் ஓடும். மெஷின் தையலில் அந்த இடைவெளி இராது; கோடு அறுபடாமல் போகும்.

[காட்சி: இறகின் ஓரத்தில் மங்கிய நீலக் கோடு, மிக அருகில்.]

இந்த நீலக் கோட்டை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து! நார்தம்பர்லாந்தின் ஆலன்ஹெட்ஸ் கிராமத்தில் கடை வைத்திருந்த ஜார்ஜ் கார்டினரும், அவரிடம் தொழில் பழகிய எலிசபெத் சாண்டர்சனும் துணியில் நீலப் பென்சிலால் கோலம் வரைந்து கொடுப்பார்கள். அதை வாங்கிப்போய்ப் பெண்கள் தைத்தார்கள். கோடு இன்னும் தெரிகிறதென்றால், போர்வை அதிகம் துவைபடவில்லை என்று கொள்ளலாம்.

வேல்ஸ் போர்வையும் இதே குடும்பம்தான். ஆனால் அங்கே பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அதற்குள் நத்தைச் சுருளும் இதயமும் இலையும் தைப்பார்கள். டர்ஹாம் கோலம் தடையில்லாமல் ஓடும்.

தைத்தவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண்கள். கணவன் இறந்தாலோ அடிபட்டுப் படுத்தாலோ, குடும்பத்துக்கு இந்த ஊசிதான் சோறு போட்டது. அக்கம்பக்கத்தார் நம் ஊர்ச் சீட்டு மாதிரி வாராவாரம் சிறு தொகை கட்டுவார்கள். முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு போர்வை. 1928-இல் கிராமத் தொழில்களுக்கான அமைப்பு ஒன்று இவர்களுக்கு உதவ முன்வந்தது. லண்டனின் ஆடம்பர ஹோட்டலான கிளாரிட்ஜஸின் கட்டில்கள் வரை இந்தப் போர்வைகள் போயின.

[காட்சி: போர்வையின் ஒரு மூலை. வெளிச்சம் மெல்ல நகர்கிறது.]

கடைசியாக மூலையைப் பாருங்கள். நேராக ஓடி வந்த பின்னலை மூலையில் திருப்புவதுதான் கடினம். மற்ற மூன்றிலும் அழகாகத் திரும்பிவிட்டது. இந்த மூலையில் மட்டும் அளவு இடித்திருக்கிறது. இதைத் தைத்த பெண் ஓர் இலையைத் தைத்து இடைவெளியை நிரப்பிவிட்டார். இந்தப் போர்வையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த இலைதான்.

[காட்சி: இலைமேல் வெளிச்சம் நிற்கிறது.]