பக்கத்தில் ஒரு கதிரை

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு நூலகத்தில் ஓர் ஆய்வு உதவி மையம் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி இன்று கதைக்கப்போகிறேன்.

நான் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை செய்த காலம். கார்த்திகை மழை கொட்டிய ஒரு பின்னேரம், முதுகலை மாணவி ஒருவர் என் மேசைக்கு வந்தார். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஆனால் நீட்டியது கைத்தொலைபேசியை. "மிஸ், என்ர கட்டுரையை எடுத்திட்டினம். டொலரிலை காசு கட்டட்டாம். நாளைக்குச் சங்கிலியை அடகு வைக்கப்போறன். கட்டலாம்தானே?"

கட்டுரை அனுப்பி இரண்டே நாளில் அதை ஏற்றுக்கொண்டதாக ஓர் ஆய்வுச் சஞ்சிகை அனுப்பிய மின்னஞ்சல் அது. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்தபடி தேடினோம். ஒவ்வொரு சஞ்சிகைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படும் இலக்கம் ஐ.எஸ்.எஸ்.என். அந்தச் சஞ்சிகை போட்டிருந்த இலக்கம் வேறொரு சஞ்சிகைக்கு உரியது. எல்லாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய சஞ்சிகைகளை 2003 முதல் பட்டியலிட்டு வரும் டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் அதன் பெயரே இல்லை. ஆசிரியர் குழுவில் இருப்பதாகக் காட்டிய பேராசிரியர், தன் சொந்தப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. எல்லாம் பார்த்து, சஞ்சிகை போலி என்று தெளிய 20 நிமிடம். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

ஆய்வு உதவி மையம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 20 நிமிடம்தான் நினைவுக்கு வரும். கூட்டங்களில் இதைப் பற்றிக் கதைக்கும்போது பேச்சு பெரும்பாலும் அறையிலேயே நின்றுவிடும். எந்த மாடி, எத்தனை கணினி, குளிரூட்டி உண்டா என்று. அங்கே யார் இருப்பார், எந்த நேரத்தில் இருப்பார் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில வேளை வராமலே போகும்.

அறையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வாசலுக்குக் கிட்ட இருக்கட்டும், ஆனால் புத்தகம் இரவல் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் வேண்டாம். வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி "எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்ல எங்கள் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். மின்சாரம் போனால் வேலை அழியாதபடி ஒரு யு.பி.எஸ். வேண்டும். கதிரைகளை எதிரெதிராகப் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எதிரே இருந்தால் நேர்முகத் தேர்வு மாதிரி ஆகிவிடும்.

இனி ஆட்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவரை மட்டும் வைத்தால் அவர் லீவு எடுக்கும் நாளில் மையமே பூட்டு. அவர்களில் ஒருவராவது தானே ஓர் ஆய்வேடு எழுதி, மேற்பார்வையாளரிடம் திருத்தம் வாங்கி, இரவிரவாகத் திரும்ப எழுதியவராக இருக்க வேண்டும். மென்பொருளை இரண்டு கிழமையில் பழகலாம். அந்த அனுபவம் அப்படி வராது. அவர்களுடைய மைய நேரத்தில் வேறு வேலை கொடுக்கவும் கூடாது. நான் கண்ட பெரிய குறை இதுதான். "இப்ப ஒருத்தரும் இல்லைத்தானே, கொஞ்சம் வந்து இரவல் மேசையைப் பாருங்கோ" என்று கூப்பிடுவார்கள். அந்த நேரம் பார்த்து வருகிற மாணவர் வெறும் கதிரையைக் கண்டு திரும்பிப் போவார். பிறகு அவர் வரவே மாட்டார்.

நேரம் என்று எடுத்தால், எங்கள் பட்டப்பின் மாணவர்களில் எத்தனையோ பேர் ஆசிரியர்கள், அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். கிழமை நாட்களில் காலை எட்டரை முதல் பின்னேரம் நாலேகால் வரை திறந்து வைத்தால் அவர்களுக்கு என்ன பயன்? சனிக்கிழமை முழுநாளும் ஆள் இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. பிரதான வளாகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல். அங்கே இருக்கும் பிள்ளையை இங்கே வா என்று சொல்லாமல், கிழமையில் ஒரு நாள் மையத்தில் இருப்பவர் அங்கே போகலாம். 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று 1931 இல் விதியாகவே எழுதி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். நூலகவியல் படித்த எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது அது.

இந்த மண்ணுக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஒன்று பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தை மட்டும் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு அது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் யுனிகோட் முறை பரவுவதற்கு முன் எங்கள் ஆய்வேடுகளும் விழா மலர்களும் பெரும்பாலும் அதில்தான் தட்டச்சானவை. பாமினியில் அடித்த 'அம்மா' கணினிக்கு அம்மா இல்லை: எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். அந்தக் கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால், தமிழில் தேடுகிறவருக்கு அது ஒருநாளும் அகப்படாது. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் மாற்றிய பிறகு ஒருவர் வரி வரியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகிக் குழம்பிவிடும். மையத்தில் இருப்பவருக்கு இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும்.

மற்றது பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் முதலெழுத்தோடும் இன்னொன்றில் தகப்பன் பெயரை விரித்தும் எழுதுவார். ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை. கலியாணத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு முதலெழுத்தே மாறிவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் தரவுத்தளம் இவர்களை மூன்று ஆட்களாகக் கணக்கெடுக்கும். பெயர் எப்படி மாறினாலும் ஆள் ஒருவரே என்று காட்ட, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 2012 முதல் கிடைக்கும் ஓர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் இதற்குத்தான். இலவசம், பதிய ஐந்து நிமிடம் போதும். முதல் கட்டுரை அனுப்ப முன்னமே ஒவ்வொரு பிள்ளையையும் இருத்தி இதை எடுப்பித்துவிட வேண்டும். பெண் பிள்ளைகளைக் கட்டாயம்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. எழுதியதில் எவ்வளவு மற்றவர்களின் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் டேர்னிற்றின் (Turnitin) என்ற மென்பொருளின் அறிக்கையைக் கொண்டுவந்து "இந்தச் சதவீதத்தைக் குறைத்துத் தாங்கோ" என்று கேட்பார்கள். நான் குறைத்துக் கொடுத்ததில்லை. எந்த வரி யாருடையது, அதற்கு மேற்கோள் எப்படிக் காட்டுவது என்று பக்கத்தில் இருந்து காட்டுவேன். எழுதுவது அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, மேசையில் ஒரு கொப்பி. வந்த கேள்வி, எடுத்த நேரம், தீர்ந்ததா இல்லையா, இவ்வளவும் எழுதினால் சரி. ஆளின் பெயர் வேண்டாம். அடுத்த வருடம் இன்னோர் ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகும்போது கையில் அந்தக் கொப்பி இருக்கட்டும். என் கொப்பியில் அந்த மழை நாளுக்கு நேரே இப்படி இருக்கிறது: "சஞ்சிகை உண்மையா? 20 நிமிடம். தீர்ந்தது. சனிக்கிழமை இரண்டாம் அத்தியாயத்தோடு வருவதாகச் சொன்னார்."

அடுத்த சனிக்கிழமைக்குரிய பக்கத்தில் முதல் வரி அவருடையது.

வணக்கம்.