டிரைவர் ஆம்ப்ளிஃபயர்: கோபுரத்துக்குள் ஓர் இடைநிலை

நேயர்களுக்கு வணக்கம்.

செல்போன் கோபுரம் என்றதும் நம் கண் ஆன்டெனாவுக்குத்தான் போகும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், ஆன்டெனாவுக்குப் போகுமுன் சிக்னலைக் கடைசியாகப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி விசாரிப்பார்கள். அதற்கு முந்தின கட்டத்தில் இருந்து, அதற்கு வேண்டிய அளவுக்குச் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் டிரைவர் ஆம்ப்ளிஃபயரை யாரும் விசாரிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ரேடியோ சிப்பிலிருந்து வெளிவரும் சிக்னல் சுமார் 1 மில்லிவாட். பெரிய 4ஜி கோபுரத்தில் ஓர் ஆன்டெனாப் பாதைக்கு 40 வாட் வரை தேவைப்படும். அதாவது 40,000 மடங்கு. கடைசிக் கட்டமான பவர் ஆம்ப்ளிஃபயர் ஏறத்தாழ 30 மடங்குதான் பெருக்கித் தரும். மீதிப் பெருக்கம் முழுவதும் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும். கணக்குப் போட்டால், டிரைவர் சராசரியாக ஒன்றேகால் வாட்டுக்குச் சற்று மேல் கொடுக்க வேண்டும்.

சரி, ஒன்றேகால் வாட் டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்துவிடலாமா? முடியாது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி சிக்னலில் 1,200 துணை அலைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பல ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வந்தால், சிக்னல் சராசரியைப்போல் ஆறு மடங்குக்கு எகிறும். அந்தக் கணத்தில் டிரைவர் 8 வாட் தந்தாக வேண்டும். தரமுடியாவிட்டால் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட சிக்னல் பக்கத்து அலைவரிசையில் சிந்தும், கடைசிக் கட்டம் அந்தச் சிந்தலையும் சேர்த்தே பெருக்கும். சர்வதேசத் தரவிதிப்படி பக்கத்து அலைவரிசையில் சிந்துவது மூல சிக்னலைவிட 45 டெசிபல் கீழே இருக்க வேண்டும். முப்பதாயிரத்தில் ஒரு பங்கு!

கடைசிக் கட்டத்தில் இன்று பெரும்பாலும் டோஹர்ட்டி முறைதான். 1936இல் பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி இதை வானொலி ஒலிபரப்பிகளுக்காகவே உருவாக்கினார், அதுவும் டிரான்சிஸ்டருக்கு முந்தைய கால வெற்றிடக் குழாய்களான வால்வுகளை வைத்து. வானொலியில் பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த முறை மின்சாரத்தை நன்றாக மிச்சப்படுத்தும், ஆனால் சிக்னலைக் கொஞ்சம் கோணலாக்கும். அதற்கு எதிர்க்கோணலை டிஜிட்டல் பகுதி முன்கூட்டியே சேர்த்து அனுப்பும்.

இந்தத் திருத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சிறிய டிரைவராகத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. கடைசிக் கட்டம் தளரும் இடத்தில் திருத்தம் உள்ளே போகும் சிக்னலை இன்னும் உயர்த்தும். அந்த உயர்வையும் டிரைவர்தான் தாங்க வேண்டும்.

அப்புறம் வெப்பம். 5ஜி பெட்டி ஒன்றில் 64 பாதைகள் வரை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர். அங்கே ஒரு பாதைக்குச் சில வாட்தான் என்பதால் டிரைவரும் சின்னது. ஆனாலும் எண்ணிக்கையில் வெப்பம் சேர்ந்துவிடும். மூடிய பெட்டி, விசிறி கிடையாது, மேலே வெயில். சூடு ஏற ஏறப் பெருக்கம் குறையும்.

எனவே மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டிரைவரைத் தயாரிப்பவர் தரும் தகவல் தாளின் முதல் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்கான எண். உள்ளே இருக்கும் வெப்பநிலை வரைபடத்தைத் தேடி, 85 டிகிரியில், 105 டிகிரியில் அது எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். டிரைவரை அந்த எண்ணை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

நன்றி, வணக்கம்.