பணத்தில் அளக்கப்படும் வெள்ளம்

அவைத் தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே, நண்பர்களே, வணக்கம்.

2021ஆம் ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், குறிப்பாக ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏற்பட்ட வெள்ளம் அந்நாட்டில் மட்டும் 180க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பொருட்சேதம் 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் பருவமழை வெள்ளத்தால் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். பாகிஸ்தான் அரசும், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவையும் சேர்ந்து தயாரித்த அறிக்கை, அங்கே ஏற்பட்ட சேதத்தை 1,490 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. உயிரிழப்பையும் பாதிக்கப்பட்டோர் தொகையையும் மறைத்துவிட்டு இந்தப் பண மதிப்புகளை மட்டும் ஒருவரிடம் காட்டினால், ஜெர்மனியின் வெள்ளம் இரு மடங்குக்கும் மேல் பெரியது என்றே அவர் முடிவு கட்டுவார். அந்த முடிவு எங்கே பிழைபடுகிறது என்பதையும், பிழைபடாமல் ஒப்பிட வழி உண்டா என்பதையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

வெள்ளச் சேத மதிப்பு என்பது அடிப்படையில், நீர் சென்ற வழியில் எவ்வளவு விலையுள்ள சொத்து இருந்தது, அதில் எவ்வளவு கெட்டது என்பதற்கான கணக்கு. பாகிஸ்தான் அறிக்கையின்படி மிகுதியாக அடிபட்டவை வீடுகள். அவற்றின் சேதம் 560 கோடி டாலர். இடிந்தும் சிதைந்தும் போன வீடுகளோ இருபது லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் வீடொன்றுக்கு மூவாயிரம் டாலருக்கும் குறைவாகவே வருகிறது. ஐரோப்பிய நகரமொன்றில் வெள்ளம் புகுந்த ஒரு வீட்டின் சமையலறையை மட்டும் மாற்றியமைக்கவே அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். மண்சுவர் வீட்டை முற்றாக இழந்து கரைமேட்டில் குடியேறிய குடும்பமும், காப்பீட்டுப் பணத்தில் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்ட குடும்பமும் கணக்கேட்டில் ஏறத்தாழ ஒரே எண்ணாகிவிடுகின்றன. சில வேளைகளில் இரண்டாவது குடும்பத்தின் எண்ணே பெரிதாகவும் நிற்கிறது.

இத்துறையில் உள்ளவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வெள்ளச் சேதத்தை முன்கூட்டிக் கணிக்க அவர்கள் கையாளும் முதன்மையான கருவி, நீரின் ஆழத்தையும் சேதத்தையும் இணைக்கும் வளைகோடு: அரை மீட்டர் நீர் நின்றால் கட்டடத்தின் மதிப்பில் எத்தனை விழுக்காடு போகும், இரண்டு மீட்டர் நின்றால் எத்தனை விழுக்காடு போகும் என்பதை அது காட்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2017இல் கண்டம் வாரியாக இத்தகைய வளைகோடுகளைத் தொகுத்து வெளியிட்டது. அதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. சேதமான விகிதம் தனியாகவும், அந்த விகிதத்தைப் பெருக்க வேண்டிய உச்ச மதிப்பு, அதாவது முற்றாக அழிந்தால் ஆகும் சேதத் தொகை, நாட்டுக்கு நாடு தனியாகவும் தரப்பட்டுள்ளன. விகிதம் கட்டடத்தின் உறுதியைப் பற்றியது. உச்ச மதிப்பு அந்த நாட்டின் செல்வ நிலையைப் பற்றியது. இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாக வெளியிட்டபின், வறிய ஊரில் விகிதம் நூறை நெருங்கியது என்ற செய்தி தாழ்ந்த விலைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. ஆகவே மண்டலங்களை ஒப்பிடும் எவரும், பெருக்குவதற்கு முன்னிருந்த விகிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

விலை என்று சொன்னோம், எந்த விலை? பத்தாண்டு பழகிய ஒரு இயந்திரம் நீரில் மூழ்கினால், புதிதாக வாங்கும் விலையைச் சேதமாக எழுதுவதா, தேய்மானம் போக எஞ்சிய மதிப்பை எழுதுவதா? பொருளியல் நோக்கில் தேய்மானம் கழித்த மதிப்பே சரி; உரியவர் கையிலிருந்து போகும் பணமோ புதிய இயந்திரத்தின் விலை. ஒரு நாட்டின் மதிப்பீடு முதல் முறையையும் அண்டை நாட்டின் மதிப்பீடு இரண்டாம் முறையையும் பின்பற்றினால், ஒரே அளவு வெள்ளம் எல்லைக்கு இருபுறமும் வெவ்வேறு தொகைகளைத் தரும். இதற்கு மேல் நாணய மாற்று வேறு. உள்ளூர்ப் பணத்தைச் சந்தை மாற்று விகிதத்தில் டாலராக்கினால் வருவது ஒரு தொகை. அந்தப் பணம் அங்கே எவ்வளவு செங்கல்லையும் கூலியையும் வாங்கும் என்று பார்த்து, அதாவது வாங்கும் திறன் அடிப்படையில், மாற்றினால் வருவது வேறொரு தொகை. ஏழை நாடுகளுக்கு இரண்டாவது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். இறக்குமதியாகும் மின்மாற்றிக்குச் சந்தை விகிதமும், உள்ளூரில் கட்டும் வீட்டுக்கு வாங்கும் திறன் விகிதமும் பொருந்தும்.

அடுத்து, சேதமும் இழப்பும் வேறு வேறு. லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் 1970களிலிருந்து வளர்த்தெடுத்த முறை இந்த வேறுபாட்டை உறுதியாக நிறுவியது. இடிந்த பாலம் சேதம். பாலமின்றிச் சுற்றிச் செல்வதால் கூடும் போக்குவரத்துச் செலவும், நின்றுபோன விற்பனையும் இழப்பு. பாகிஸ்தானில் சேதம் 1,490 கோடி டாலராக இருந்தபோது இழப்பு 1,520 கோடி டாலராக மதிப்பிடப்பட்டது. ஓர் அட்டவணையில் சேதம் மட்டுமே உள்ள நாடும், இரண்டும் கூட்டப்பட்ட நாடும் அடுத்தடுத்த வரிசைகளில் இருந்தால், அந்த அட்டவணை ஏமாற்றும். இப்படிப்பட்ட அட்டவணைகள் அரிதல்ல என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இழப்பு எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு 2011ஆம் ஆண்டின் தாய்லாந்து வெள்ளத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். சாவோ பிரயா ஆற்றுப் படுகையில் மாதக்கணக்கில் நின்ற நீர், பெரிய தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தது. உலக வங்கி மதிப்பிட்ட மொத்தத் தொகை 1.43 லட்சம் கோடி பாட். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 4,650 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேற்பட்டது சேதமன்று, இழப்பு. துறை வாரியாகப் பார்த்தால் ஏறத்தாழ எழுபது விழுக்காடு உற்பத்தித் தொழிலின் மேல் விழுந்தது. கணினிகளின் வன்தட்டுகளை உலகுக்கு அளித்துவந்த ஆலைகள் அங்கே நின்றுபோனதால், நீரையே காணாத நாடுகளிலும் வன்தட்டு விலை ஏறியது. அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்தவரின் இழப்பு எந்த மண்டலத்தின் கணக்கில் சேரும்? வேறிடத்தில் இருந்த போட்டி ஆலைகள் கூடுதலாக விற்றுப் பெற்ற ஆதாயத்தைக் கழிக்க வேண்டுமா? மாவட்ட அளவில் கணக்கெடுத்தால் முழு இழப்பாகத் தெரிவது, நாட்டளவில் எடுத்தால் ஓரளவு ஈடுசெய்யப்பட்டதாகவும், உலக அளவில் எடுத்தால் இன்னும் குறைந்ததாகவும் தோன்றும். எல்லைக்கோட்டை எங்கே இழுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இழப்புத் தொகையை மட்டும் சொல்வதில் பயனில்லை.

எது வெள்ளம் என்பதிலேயே வழக்கு எழுவதும் உண்டு. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலின் சேதம் அன்றைய விலையில் 12,500 கோடி டாலர் என்பது அந்நாட்டு வானிலை, கடல்சார் நிறுவனத்தின் மதிப்பு. கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. அந்நாட்டில் வழக்கமான வீட்டுக் காப்பீடு காற்றின் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. வெள்ளத்துக்கு 1968 முதல் அரசு நடத்தும் தனித் திட்டம் இருக்கிறது, அது கத்ரீனாவுக்காக 1,600 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. அடித்தளம் மட்டுமே எஞ்சிய வீட்டை முதலில் வீழ்த்தியது காற்றா கடல்நீரா என்று நீதிமன்றங்களில் நெடுங்காலம் வாதிட்டார்கள். கத்ரீனாவின் முழுத் தொகையையும் வெள்ளச் சேதமாக எழுதிக்கொண்டு, மழை வெள்ளம் மட்டும் கண்ட நாட்டோடு ஒப்பிடுவது முறையாகாது.

இனி, பெரும்பாலோர் பரிந்துரைக்கும் தீர்வுக்கு வருகிறேன். சேதத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்துவிட்டால் போதும் என்பார்கள். ஐ.நா. உறுப்பு நாடுகள் 2015இல் ஏற்ற செண்டாய்ச் செயல்திட்டமும், பேரிடர்களின் நேரடிப் பொருளாதார இழப்பை உலக உற்பத்தியோடு ஒப்பிட்டுக் குறைப்பதை ஓர் இலக்காகக் கொண்டிருக்கிறது. இது பயனுள்ள திருத்தமே. வகுத்துப் பார்த்தால் பாகிஸ்தானின் சேதம் அதன் ஓராண்டு உற்பத்தியில் சுமார் நான்கு விழுக்காடு. ஜெர்மனியின் சேதம் ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. தொடக்கத்தில் கண்ட வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஆயினும் இது நாடு முழுவதற்குமான சராசரி. பாகிஸ்தானின் சேதத்திலும் இழப்பிலும் எழுபது விழுக்காடு அளவுக்குச் சிந்து மாகாணம் ஒன்றே சுமந்தது. ஜெர்மனியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆர் பள்ளத்தாக்கு என்ற குறுகிய நிலப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பள்ளத்தாக்கின் ஆண்டு வருமானத்தால் வகுத்தால் அங்கேயும் கணக்கு வேறு முகம் காட்டும். என்றாலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: ஜெர்மனி 3,000 கோடி யூரோவில் மறுசீரமைப்பு நிதியம் ஒன்றைத் தன் சொந்தப் பணத்திலேயே அமைத்தது. பாகிஸ்தான் அறிக்கையோ 84 முதல் 91 லட்சம் பேர் வறுமைக்குள் தள்ளப்படலாம் என்று எச்சரித்தது. சேதத்தின் அளவைவிட, அதிலிருந்து எழுவதற்கான பணம் யார் கையில் இருக்கிறது என்பதே இங்கே விளைவைத் தீர்மானிக்கிறது. 2016இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வொன்று இதை அளக்க முயன்றது: இயற்கைப் பேரிடர்களால் உலகில் ஆண்டுதோறும் அழியும் சொத்து 30,000 கோடி டாலர் என்றால், வறியவர்கள் மீளும் திறன் குறைந்தவர்கள் என்பதைக் கணக்கில் எடுக்கும்போது நல்வாழ்வின் இழப்பு 52,000 கோடி டாலருக்குச் சமம் என்றது.

எண்ணப்படாத வெள்ளங்களையும் மறந்துவிடக் கூடாது. பெல்ஜியத்திலிருந்து இயங்கும் உலகப் பேரிடர்த் தரவுத்தொகுப்பு, பத்துப் பேராவது இறந்திருக்க வேண்டும், அல்லது நூறு பேராவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டோ வெளிநாட்டு உதவி கேட்கப்பட்டோ இருக்க வேண்டும் என்ற வரம்புகளை வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் வந்து சில வயல்களையும் ஒரு சிறு சாலையையும் கெடுத்துச் செல்லும் வெள்ளம் இந்த வலையில் சிக்காது. அப்படிப்பட்ட சிறு வெள்ளங்கள் மிகுந்த மண்டலம், புள்ளிவிவரத்தில் பாதுகாப்பான மண்டலமாகக் காட்சி தரும்.

இதற்கு நேர் எதிரான நிலை நெதர்லாந்தில். 1953இல் அங்கே கடல்நீர் புகுந்து 1,836 பேர் இறந்தனர். அதன்பின் கட்டிய கதவணைகளும் கரைகளும் அந்நாட்டின் வெள்ளச் சேதத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனால் அந்தக் குறைந்த எண் இலவசமாக வந்ததன்று. கரைகளுக்கான செலவைக் கணக்கில் சேர்க்காமல் சேதத்தை மட்டும் ஒப்பிட்டால், பாதிக் கணக்கையே ஒப்பிடுகிறோம்.

கரையை எவ்வளவு உயரமாகக் கட்டுவது என்ற கேள்விக்கு, தவிர்க்கப்படும் சேதத்தின் மதிப்பையும் கட்டுமானச் செலவையும் எடைபோட்டு விடை காணும் கணிதத்தை 1950களில் வகுத்தவர் அந்நாட்டுக் கணித அறிஞர் டேவிட் வான் டான்சிக். இன்று உலகெங்கும் நிதி ஒதுக்கீட்டில் ஏதோ ஒரு வடிவில் இம்முறையே வழங்குகிறது. ஒப்பீட்டில் நேரும் பிழை ஏட்டளவில் நின்றுவிடாமல் மண்ணுக்கும் கல்லுக்கும் இறங்குவது இந்த இடத்தில்தான்: விலையுயர்ந்த சொத்துள்ள கரைக்குத் தவிர்க்கப்படும் சேதம் அதிகம், ஆகவே பணம் அங்கே செல்லும், குடிசைகள் நிறைந்த எதிர்க்கரைக்குச் செலவு கட்டுபடியாகாது என்று தாளில் தெரியும். நெதர்லாந்து 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய விதிகளில் இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. கரைக்குப் பின்னால் வாழும் எவரும் வெள்ளத்தால் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று அந்த விதிகள் ஓர் அடிப்படை அளவை வகுத்தன. சொத்தின் மதிப்பை எடைபோடும் வேலை அதற்கு மேற்பட்ட பாதுகாப்பைத் தீர்மானிக்கவே பயன்படுகிறது. வசதி குறைந்த நாடுகளுக்கு ஒரு லட்சத்தில் ஒன்று என்பது உடனடியாக எட்டக்கூடிய அளவன்று. பத்தாயிரத்தில் ஒன்று என்றுகூடத் தொடங்கலாம். எந்த அளவில் தொடங்கினாலும், அந்த அடிப்படையைக் கணக்கிடும்போது வீட்டின் விலையையோ நாணய மாற்று விகிதத்தையோ யாரும் கேட்க வேண்டியதில்லை.