மண்ணைத் தந்தது பாறையே!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

'மண் உருவானதில் பெரும்பங்கு பாறைக்கா, மட்கிய உயிர்ப்பொருளுக்கா?' என்பது இன்றைய கேள்வி. பாறைக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்தார். கல் குவாரியில் அரைத்த எம்-சாண்டில் நெல் விளையுமா என்று கேட்டார். பாறையை உடைப்பதே வேரும் பாசியும்தான் என்றார். மட்கு இல்லாத மண் செத்த மண் என்றார்.

பதில் சொல்வதற்கு முன் மண்ணை ஒருமுறை அளந்துவிடுவோம். மண் பரிசோதனை அட்டையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு', 0.75க்கு மேலே போனால் 'அதிகம்'. கரிமத்தை மட்காக மாற்ற 1.724ஆல் பெருக்குவார்கள். 0.75 சதவீதம் என்பது 1.3 சதவீத மட்கு. அதாவது 'அதிகம்' என்று குறித்துக் கொடுக்கும் வயலிலும், காய்ந்த மண் 100 கிலோ எடுத்தால் ஏறத்தாழ 98 கிலோவுக்கு மேல் பாறையிலிருந்து வந்த தாதுதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? பக்கம் நேராக இருக்கும் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போடுங்கள். கரிசலாக இருந்தால் கட்டிகளை நசுக்கி முதல் நாள் இரவே ஊறவையுங்கள். தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் படியும். சில மணி நேரத்தில் வண்டல் படியும். களி இறங்க ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். உப்புத் தண்ணீரில் செய்தால் களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு சீக்கிரமே உட்கார்ந்துவிடும், அளவு தப்பாகிப்போகும். ஆகவே மழைநீரில் செய்யுங்கள். முடிவில் மேலே மிதக்கும் சருகுத் துணுக்குகளைப் பாருங்கள், கீழே படிந்த அடுக்குகளையும் பாருங்கள். நான் சொல்ல வேண்டியதில் பாதியை அந்தப் பாட்டிலே சொல்லிவிடும்.

இப்போது எம்-சாண்டுக்கு வருகிறேன். கேள்வி நியாயமானது. ஆனால் எம்-சாண்ட் உடைந்த பாறையே தவிர சிதைந்த பாறை அல்ல. இயந்திரம் அளவைச் சிறிதாக்குகிறது, தாதுவை மாற்றுவதில்லை. மண் பிறப்பது வேதிச் சிதைவில். மழைநீரில் கரியமில வாயு கரைந்து மென்மையான அமிலமாகிறது. அந்த நீர் பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுவைத் தாக்கும்போது பொட்டாசியமும் கால்சியமும் கரைந்து வெளியேறுகின்றன. மிஞ்சும் அலுமினியமும் சிலிக்காவும் புதிதாகச் சேர்ந்து களித்தாது ஆகின்றன. பல்லாவரம் குன்றுகளிலும் நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் இருக்கும் சார்னோகைட் என்ற பாறையில் உள்ள பைராக்சீன் தாது இன்னும் வேகமாகச் சிதையும். அதிலிருக்கும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும். குவார்ட்ஸ் என்ற கெட்டித் தாது மட்டும் அசையாது, மணலாக அப்படியே நிற்கும். இத்தனையும் நடக்க நூற்றாண்டுகள் வேண்டும். எம்-சாண்டுக்குக் கிடைக்காதது காலம்தான். உயிர் இல்லாததால்தான் அது மண்ணாகவில்லை என்று எதிரணி சொல்வது பாதி உண்மைகூட இல்லை. ஒரு லாரி சாணத்தை அதில் கொட்டினாலும் அது களியாகிவிடாது.

பாறையை உடைப்பது வேர்தானே என்பது இரண்டாவது வாதம். இதில் எதிரணிக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். வேரும் நுண்ணுயிரும் மூச்சுவிடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு உயர்கிறது, சிதைவு வேகமாகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்த வேர் எதைத் தேடிப் பாறையிடுக்கில் நுழைகிறது? பாஸ்பரஸ் அங்கே அபடைட் தாதுவில் இருக்கிறது. பொட்டாசியம் மைக்காவிலும் ஃபெல்ட்ஸ்பாரிலும் இருக்கிறது. தழைச்சத்து காற்றிலிருந்து வருகிறது, அதை விட்டுவிடுகிறேன். மற்றபடி எதிரணி போற்றும் இலையிலும் சருகிலும் இருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் இரும்பும் பெரும்பாலும் எங்கள் பாறை கொடுத்த கடன்.

செத்த மண் என்ற வாதத்துக்குக் கோவில்பட்டிக் கரிசலைச் சாட்சிக்கு அழைக்கிறேன். அந்தக் கருப்பைப் பார்த்து மட்கு நிறைய என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே கரிமச்சத்து பொதுவாகக் குறைவு. கொஞ்சம் மட்கு ஸ்மெக்டைட் என்ற களியோடு இறுகப் பிணைந்திருப்பதால்தான் அத்தனை கருமை. வடகிழக்குப் பருவமழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மானாவாரிப் பருத்தியைத் தாங்குவது அந்தக் களி. அதில் ஒரு கிராமைப் பிரித்தால் நீர் ஒட்டிக்கொள்ள 600 முதல் 800 சதுர மீட்டர் பரப்பு இருக்கும்.

உரச்சத்தைப் பிடித்து வைக்கும் கணக்கையும் போட்டுவிடலாம். இந்தப் பிடிப்பை அளக்கும் அலகு மில்லி ஈக்குவலண்ட். மட்கு 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லி ஈக்குவலண்ட் பிடிக்கும், ஸ்மெக்டைட் சுமார் 100 பிடிக்கும். மட்கு இரு மடங்கு என்று எதிரணி கைதட்டலாம். ஆனால் 0.5 சதவீதக் கரிமம் உள்ள 100 கிராம் கரிசலில் மட்கு ஒரு கிராம்கூட இல்லை. அதன் பங்கு 2க்கும் கீழே. களி 50 சதவீதம் என்றால் அதன் பங்கு 50. செம்மண்ணில் இந்தக் கணக்கு மாறும், மறைக்க மாட்டேன். அங்கே கயோலினைட் என்ற வேறு வகைக் களி 20 சதவீதம் இருந்தாலும் பிடிப்பு 2ஐ ஒட்டித்தான் வரும். மட்கும் களியும் சமமாக நிற்கும், தொழுவுரம் கட்டாயம் வேண்டும். ஏன் இந்த நிலை? கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் தாய் அதே நைஸ் என்ற பாறைதான். மேட்டில் கால்சியமும் மக்னீசியமும் கழுவப்பட்டுப் போயின, பள்ளத்தில் அவை தேங்கி ஸ்மெக்டைட் உருவாக வழி செய்தன. செம்மண்ணின் ஏழ்மை பாறைச்செல்வம் கரைந்து போனதன் ஏழ்மை.

மட்கு மட்டும் போதுமென்றால் உதகைப் பக்கம் உருளைக்கிழங்குக்குச் சுண்ணாம்பு எதற்கு? அந்தக் குளிரில் மட்கு மெதுவாகத்தான் அழியும், கரிமம் நிறைந்த மண் அது. ஆனாலும் நீண்டகால மழையில் கால்சியம், மக்னீசியம் போன்ற காரத்தாதுக்கள் வெளியேறிவிட்டதால் அமிலத்தன்மை அதிகம். போட்ட சூப்பர் பாஸ்பேட்டை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அங்கே விவசாயி வாங்கிப் போடும் சுண்ணாம்பும் டாலமைட்டும் பாறைத்தூள்தான்.

முழுக்க மட்காலான நிலத்துக்கு என்ன ஆகும்? இங்கிலாந்தின் ஹோம் ஃபென் கரிச்சதுப்பில் 1851ல் ஓர் இரும்புத் தூணை, அதன் தலை தரைமட்டத்துக்கு வருமாறு நட்டார்கள். அடிப்பகுதி கீழிருந்த களியில் ஊன்றியிருந்தது. சதுப்பின் நீரை வடித்ததும் மட்கு சுருங்கியது, பிறகு காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமாகிக் காற்றோடு போனது. இன்று அந்தத் தூண் சுமார் நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. களி போகவில்லை, தூணைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நம் மாடித்தோட்டப் பைகளிலும் இதே கதைதான். தென்னை நார்க்கழிவும் மட்கும் மட்டும் நிரப்பினால் ஓராண்டில் பை பாதியாக அமிழ்ந்துவிடும். செம்மண் கலந்த பை அவ்வளவு இறங்காது.

கடைசியாக ஒன்று. இழந்த மட்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடலாம். பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதால் ஆண்டுதோறும் கொஞ்சம் சேரும். மழையில் அடித்துப்போன களியை எந்தப் பயிரும் வளர்த்துத் தராது. அதனால்தான் செம்மண் காட்டுக்காரர்கள் கோடையில் குளத்து வண்டலை அள்ளி வந்து கொட்டுகிறார்கள். அவர்கள் வண்டியில் ஏற்றுவது பெரும்பாலும் மேட்டுப் பாறையிலிருந்து வந்த நுண்துகள். அதைக் கொட்டும் முன் உப்பின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய படலமாகப் பரப்பிக் கோடை உழவில் கலந்துவிடுங்கள், தடிமனாக விட்டால் மேலே ஓடு கட்டி விதை முளைக்காது. எதிரணி நண்பர்கள் அந்த வண்டலுக்கு மாற்றாக ஒரு மட்கைக் காட்டட்டும், நடுவர் அவர்களே. அதுவரை தீர்ப்பைப் பாறைக்கே தருமாறு கேட்டு அமைகிறேன். நன்றி, வணக்கம்.